பூச்சி புலாலாகுமா?
(ஜவ்வாது மலைப் பிரிவு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

மழை பெய்து புற்று நனைந்த மாலைப் பொழுதுகளில் ஜவ்வாது மலையில் ஈசல் புறப்படுவது நாம் யாவரும் அறிந்ததே. விளக்கடியில் வந்து விழும் ஈசலைக் கூட்டியெடுத்து, சிறகு போக்கி, வறுத்து உண்ணும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பாகங்களிலும் தொன்றுதொட்டு உள்ளது. புற்றீசலை மோரிலிட்டுப் புளிக்க ஆக்கும் உணவைப் பற்றி, பாரியின் மலைநாட்டைப் பாடிய கபிலரே புறநானூற்றில் குறித்திருக்கிறார். மனிதர் எடுத்தது போக மிஞ்சியதை விடியற்காலையில் கோழிகள் பொறுக்கித் தின்று தீர்த்துவிடும். இதில் ஆராய வேண்டியது ஒன்றுமில்லை என்றே பலரும் எண்ணுவர்.

ஆயினும், கோழிக்குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துப் போடும் முறையைக் கிராமங்களில் செய்து காட்டும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. “கரையான் ஓர் உயிரல்லவா? அதைப் போடுவது குஞ்சுக்குப் புலால் போடுவதாகாதா? அப்படி வளர்ந்த கோழியின் முட்டையைச் சுத்தத் தீவன முட்டை என்று சொல்லி விற்கலாமா?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் வீண் வாதம் செய்பவர்கள் அல்லர். கீழ்நாட்டு நகரங்களில் “தாவரத் தீவனம் மட்டும் தின்ற கோழியின் முட்டை” என்று விளம்பரம் செய்து கூடுதல் விலைக்கு விற்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தங்கள் முட்டைக்கும் அந்த விலை கிடைக்காதா என்ற நியாயமான ஆசையால், சில வீடுகளில் கோழியைக் கூடையில் கவிழ்த்து வைத்து, சாமைத் தவிடும் குருணையும் மாத்திரம் போட்டு வருகிறார்கள். குஞ்சுகள் இறகு சரியாக முளைக்காமலும், எடை ஏறாமலும், சிறு நோய்க்கும் தாங்காமலும் போகின்றன. ஆகவே இக்கேள்விக்கு விடை கூறுவது நமது கடமையாகின்றது.

எனது அபிப்பிராயத்தில், இங்கே மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பூச்சி எவ்வகை உயிர் என்பது ஒன்று. மனிதர் தம் இலையில் எதைப் புலால் என்று ஒதுக்குகின்றனர் என்பது மற்றொன்று. ஒரு பிராணியின் வயிற்றுக்கு எது வேண்டும் என்பது மூன்றாவது. முதலாவதைச் சாஸ்திரமும், இரண்டாவதை வழக்கமும், மூன்றாவதை அந்தப் பிராணியின் வயிறும் தீர்மானிக்கின்றன. ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றின்மேல் ஏற்றுவதால்தான் குழப்பம் உண்டாகின்றது.

முதற் கேள்வியில் சந்தேகத்துக்கு இடமில்லை. பூச்சி தாவரமன்று, பிராணியே. நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். தொல்காப்பிய மரபியலில் உயிர்கள் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கப்பட்டிருக்கின்றன. அதில் புல்லும் மரமும் ஓரறிவுடையன. சிதல் என்னும் கரையானும் எறும்பும் மூவறிவுடையன. நண்டும் தும்பியும் நான்கறிவுடையன. இக்காலத்து விலங்கியலும் பூச்சியையும் நண்டையும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியில் அடக்குகின்றது. நண்டைப் புலால் என்று ஒப்புக்கொள்பவர், ஈசல் மட்டும் புலாலன்று என்று சொல்வதற்கு உயிரியலில் ஆதாரம் கிடையாது. இரத்தம் சிவப்பாக இல்லை என்பதும், சதை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் காரணமாக மாட்டா.

இரண்டாவது கேள்விக்கு விடை இடத்துக்கு இடம் மாறுகின்றது. நம் நாட்டுச் சட்டமே இதில் படிப்படியாகத் தெளிவு பெற்றிருக்கிறது. உணவுப் பொட்டலங்களில் சைவ, அசைவக் குறி இடுவது பற்றி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2011ஆம் வருஷத்தில் வெளியிட்ட விதிகளில், அசைவ உணவு என்பதற்குக் கூறிய இலக்கணத்தில் பறவை, நீர்வாழ் பிராணி, முட்டை ஆகியவை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தன. பூச்சியின் பெயர் இல்லை. 2020ஆம் வருஷத்து விதிகளில் பூச்சியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. ஆனால் அதே விதியில் பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றன. தேனீயும் பூச்சி, அரக்கை உண்டாக்குவதும் பூச்சியே. பூச்சியைத் தின்றால் அசைவம், பூச்சி தந்ததைத் தின்றால் அசைவமன்று என்பது இதன் கருத்து. நம் மலைத் தேனைக் கோயில் அபிஷேகத்துக்கும் விரத உணவுக்கும் வாங்கிச் செல்வோர் வழக்கத்தோடு இது ஒத்திருக்கின்றது. இதனைப் பிழையென்று நான் கூறவில்லை. இது மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு என்பதை மட்டும் மறக்கலாகாது.

ஏற்பாடு என்பதனால்தான் அது எங்கும் ஒன்றாக இல்லை. கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் புலால் விலக்கும் விரத நாட்களில் மீனைப் புலாலாக எண்ணுவதில்லை. ஒடிசாவில் மயூர்பஞ்சு ஜில்லாவில் காட்டுச் செவ்வெறும்பை அரைத்துச் செய்யும் சட்டினிக்கு 2024ஆம் வருஷம் ஜனவரியில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அஸ்ஸாமில் எரிப் பட்டுப் புழுவின் கூட்டுப்புழு விருந்துப் பண்டமாகவே இருந்து வருகின்றது. மறுபுறம், பூச்சியை அறவே விலக்குகிறோம் என்பவரும் முற்றும் விலக்கியவராகார். தானியத்துக்குள்ளேயே முட்டையிடும் அந்து வண்டு மாவில் அரைபடாமல் போவதில்லை. அமெரிக்க நாட்டு உணவு அதிகாரிகள் கோதுமை மாவில் 50 கிராமுக்குச் சராசரி 75 பூச்சித் துணுக்குகள் என்ற எல்லையை வைத்து, அதை எட்டினால்தான் நடவடிக்கை எடுக்கின்றனர். மாவில் பூச்சியே இல்லாமற் செய்வது இயலாது என்பதை அறிந்தே இவ்வளவு வைத்திருக்கிறார்கள்.

திருக்குறளில் துறவறவியலில் புலால் மறுத்தல் ஓர் அதிகாரமாகவும், கொல்லாமை வேறோர் அதிகாரமாகவும் அமைந்திருப்பதை இங்கே நினைவுகூர்வது தகும். எதை உண்பது என்பதும் எதைக் கொல்வது என்பதும் நெருங்கியவை, ஆயினும் ஒன்றல்ல. கரையானைக் கொல்ல மனம் ஒப்பாதவர் ஒருவர், “நான் அதைச் செய்ய மாட்டேன்” என்று சொன்னால் அது மதிக்கத்தக்கது. அது அவருடைய விரதம். ஆனால் விரதம் இருப்பவர் அவரே அன்றி, அவருடைய கோழி அன்று.

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். பிராணிகளைப் புல்லுண்ணி, ஊனுண்ணி, அனைத்துண்ணி என்று பாடப்புத்தகங்களில் பிரித்திருக்கிறோம். இப்பிரிவு பயனுள்ளதே, ஆனால் இதைச் சைவர், அசைவர் என்ற ஜாதிப் பிரிவைப்போல் எண்ணலாகாது. பல்லும் குடலும் எதற்குத் தக்கபடி அமைந்திருக்கின்றன, நாளின் பெரும்பகுதி எதைத் தின்று அப்பிராணி உயிர் வாழ்கின்றது என்பதைப் பற்றிய சுருக்கப் பெயர்களே இவை. கரடியைப் பாருங்கள். பல்லையும் மண்டையையும் கொண்டு அது புலியோடும் நாயோடும் ஊனுண்ணி வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நம் நாட்டுக் கரடி நாடுவது பெரும்பாலும் கரையானும் எறும்பும் பழமும் தேனுமே. கரையானை உறிஞ்சி இழுப்பதற்கு வசதியாக அதன் மேல்தாடையில் முன்னிரண்டு பற்களே இல்லை. இத்தகைய தீனிக்காரருக்குப் பூச்சியுண்ணி என்று தனிப் பெயரும் உண்டு. அப்பெயர் ஊனுண்ணிக்கு மறுப்பன்று. அதன் ஒரு கிளையே ஆகும்.

தானியம் தின்னும் பறவைகளும் இவ்விதமே. சிட்டுக்குருவி நம் களத்தில் தானியம் பொறுக்குகின்றது. தன் குஞ்சுக்கோ புழுவையும் பூச்சியையும் தேடிக் கொண்டுபோய் ஊட்டுகின்றது. காட்டுக்கோழியின் குஞ்சும் முதல் வாரங்களில் பூச்சியையே பெரிதும் நாடும். நம் வீட்டுக்கோழி அந்தக் காட்டுக்கோழியின் வழிவந்தது. ஆகவே கோழி பூச்சி தின்பது தீய பழக்கமன்று, பிறவிக் குணம். அது அனைத்துண்ணி.

பசுவின் கதை வேறு. பசு மேயும்போது புல்லோடு எத்தனையோ பூச்சிகள் உள்ளே போகின்றன. அதனால் பசு ஊனுண்ணி ஆகிவிடாது. சில இடங்களில் மாடு எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். அதுவும் புலாலாசையன்று. மண்ணிலும் புல்லிலும் பாஸ்பரஸ் சத்துக் குறைந்த இடங்களில் இப்பழக்கம் தோன்றுகின்றது. தென்னாப்பிரிக்காவில் மாடுகள் கால் விளங்காமல் விழுந்து கூட்டங்கூட்டமாக மடிந்த ஒரு நோயை ஆராய்ந்த ஆர்னால்ட் தைலர் என்னும் கால்நடை வைத்தியரும் அவருடைய சகாக்களும், 1920ஆம் வருஷத்தை ஒட்டி இதனை விளக்கினர். பாஸ்பரஸ் குறைவால் மாடு எலும்பைத் தேடுகிறது. அழுகிய பிணத்தின் எலும்பிலிருந்த நச்சு அதைக் கொல்கிறது என்று கண்டனர். எலும்பு கடிக்கும் மாட்டுக்குத் தாது உப்புக் கலவை தரவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம்.

பாகுபாட்டை மறந்ததால் பெருந்தீங்கு நேர்ந்ததும் உண்டு. இங்கிலாந்தில் மாடு, ஆடுகளின் கழிவு மாமிசத்தையும் எலும்பையும் காய்ச்சித் தூளாக்கி, புரதச் சத்துக்காக மாட்டுக்கே தீவனமாகக் கொடுத்து வந்தனர். 1986ஆம் வருஷத்தில் அங்கே மாடுகளுக்கு மூளை பஞ்சுபோல் ஆகும் ஒரு நோய் கண்டறியப்பட்டது. இத்தீவனத்தின் வழியாகவே அது பரவியது என்று தெரிந்து 1988ஆம் வருஷத்தில் அதைத் தடை செய்தனர். அதற்குள் நோய் வேரூன்றிவிட்டது. ஒரு லக்ஷத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளுக்கு அது உறுதி செய்யப்பட்டது. அம்மாட்டிறைச்சி மூலம் மனிதருக்கும் இவ்வகை நோய் வரக்கூடும் என்று 1996ஆம் வருஷத்தில் அந்நாட்டு சர்க்காரே தெரிவித்தது. இங்கே கெடுதல் செய்தது புரதமன்று. தன் இனத்தின் மூளை, நரம்புகளில் இருந்த நோய்க்கரு தீவனமாய்த் திரும்பி வந்ததே கேட்டுக்குக் காரணம். வெளிநாட்டுப் பாற்பொருள்களை இறக்குமதி செய்ய வேண்டுமானால், அவை மாட்டின் இரத்தத்தூள் முதலியன தின்னாத பசுக்களின் பாலாக இருக்கவேண்டும் என்று இந்தியா கேட்டு வருகின்றது. 2025ஆம் வருஷத்தில் அமெரிக்காவுடன் நடந்த வர்த்தகப் பேச்சில் இது பெரிய விவகாரமாகி, “அசைவப் பால்” என்ற புதுச் சொல்லும் பத்திரிகைகளில் அடிபட்டது. சமய உணர்ச்சியும் நோய்ப் பாதுகாப்பும் இவ்விஷயத்தில் ஒரே வழியைக் காட்டுகின்றன. அசைபோடும் பிராணிக்கு மாமிசத் தூள் எவ்வகையிலும் கூடாது என்பது நம் உறுதியான கொள்கையாக இருக்கட்டும்.

ஆனால் அந்தத் தடையைக் கோழிக்கும் கரையானுக்கும் நீட்டுவது பொருந்தாது. மாமிசத் தூள் விஷயத்தில் சூடு கண்ட ஐரோப்பிய நாடுகளே, தீவனத்துக்காகப் பண்ணைகளில் வளர்த்த பூச்சிகளின் புரதத்தை 2017ஆம் வருஷத்தில் மீன் தீவனத்திலும், 2021ஆம் வருஷத்தில் கோழி, பன்றித் தீவனங்களிலும் சேர்க்க அனுமதித்தன. அசைபோடும் கால்நடைகளுக்கு இவ்வனுமதி இல்லை. அங்கே பூச்சியைப் பிராணி என்று ஒப்புக்கொண்டு, எந்தப் பிராணிக்கு எந்தப் பிராணியைக் கொடுக்கலாம் என்று பிரித்திருக்கிறார்கள். இதுவே சரியான பாகுபாடு.

மேலும், தாவரத் தீவனம் என்ற பெயர் மட்டும் பாதுகாப்பளித்துவிடாது. 1960ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் சுமார் ஒரு லக்ஷம் வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. காரணம், பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு. அது சுத்த சைவத் தீவனந்தான். அதிலிருந்த பூஞ்சண நஞ்சு குஞ்சுகளைக் கொன்றது.

இவற்றை மனத்திற்கொண்டு நம் மலைக் கோழியின் தட்டைப் பார்ப்போம். சாமையில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு புரதம் உண்டு. வளரும் குஞ்சுக்கு நூற்றுக்குச் சுமார் 20 பங்கு வேண்டும். சாமையை எவ்வளவு தாராளமாக வீசினாலும் இக்குறை தீராது. வயிறு நிரம்பும், உடல் வளராது. உலர்ந்த ஈசலிலோ சுமார் மூன்றில் ஒரு பங்கு புரதமும், நிறையக் கொழுப்பும் இருக்கின்றன. அன்றியும், பி12 என்னும் உயிர்ச்சத்து தானியத்திலும் பிண்ணாக்கிலும் கிடையாது. பூச்சி பொறுக்கியும் மண்ணைக் கிளறியும் கோழி அதையும் பெறுகிறது. கூடையில் அடைத்த கோழிக்கு இவ்விரண்டு வழியும் அடைபடுகின்றன.

கரையான் பிடிக்கும் முறை எளிது. ஒரு பழைய மண்பானையில் கிழிந்த கோணிச் சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், மட்டை முதலிய நார்ப் பொருள்களை அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் ஏறியிருக்கும். முப்பது நாற்பது குஞ்சுகளுக்கு ஒருவேளை சேர்ப்புத் தீனியாக இது உதவும். காசு செலவில்லை. பூச்சிமருந்து ஊற்றிய புற்றின் அருகிலும், மருந்தடித்த வயலோரத்திலும் மட்டும் பானை வைக்கலாகாது. எறும்பு, வண்டு, ஈ ஆகியவற்றின் வழியாகக் கோழிக்கு நாடாப்புழு பரவக்கூடும். ஆதலால், பூச்சி பொறுக்கும் கோழிகளுக்குக் கால்நடை வைத்தியரின் யோசனைப்படி குடற்புழு நீக்க மருந்து காலாகாலத்தில் கொடுத்து வருவது அவசியம்.

கரையானைக் கொல்ல மனமில்லாத குடும்பங்களுக்கும் வழி இருக்கின்றது. மூன்று பங்கு சாமைக் குருணையும் ஒரு பங்கு நல்ல கடலைப் பிண்ணாக்கும் கலந்தால், கலவையில் புரதம் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு வரும். பிண்ணாக்கில் பூஞ்சணம் தென்பட்டால் அதை எறிந்துவிட வேண்டும். நம் மலையில் விளையும் கொள்ளை வேகவைத்துச் சேர்க்கலாம். நிழலான தொட்டியில் அசோலா வளர்த்தும் போடலாம். இவற்றோடு கோழியைப் பகலில் வெளியே மேயவிட்டால் போதும்; தனக்கு வேண்டிய பூச்சியை அதுவே தேடிக்கொள்ளும். அதையும் தடுப்பேன் என்பவர் கோழி வளர்ப்பதை விட்டுவிட்டுப் பசு வளர்ப்பது நலம்.

விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை. மேய்ச்சற்கோழியின் முட்டையைத் “தாவரத் தீவன முட்டை” என்று கூறி விற்பது நேர்மையாகாது. அவ்வாறு சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மேற்கண்ட விதிகளின்படி முட்டை எப்படியும் அசைவமே. கோழி சாமை மட்டும் தின்றதனால் அது சைவமாகிவிடாது. கரையானும் தின்றதனால் இன்னொரு படி அசைவமாகிவிடாது. “ஜவ்வாது மலையில் மேய்ந்து, சாமையும் பூச்சியும் தின்று வளர்ந்த நாட்டுக்கோழியின் முட்டை” என்று உள்ளதை உள்ளபடி சொல்லி விற்கட்டும். ஜமுனாமரத்தூர்ச் சந்தையிலோ கீழ்நாட்டுக் கடைகளிலோ அதற்கு மதிப்புக் குறைய நியாயமில்லை.

நமது இலாகாவும் ஒரு காரியம் செய்யலாம் என்பது எனது யோசனை. தீவனத்தைப் பற்றிய துண்டுப் பிரசுரங்களிலும் கண்காட்சிப் பலகைகளிலும் சைவத் தீவனம், அசைவத் தீவனம் என்று எழுதுவதை விட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாக மூன்று விவரங்கள் இருக்கட்டும்: தீவனம் எதிலிருந்து வந்தது, அதில் புரதம் நூற்றுக்கு எவ்வளவு, எந்தப் பிராணிக்கு அதைக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாகாது. தானியம், பிண்ணாக்கு, பூச்சி, மீன், கால்நடை மாமிசம் என்று பெயர் சொல்லிவிட்டால், விரதமுள்ள வீட்டாரும் தமக்கு ஒவ்வாததைத் தவிர்த்துக்கொள்வர். மற்றவரும் தேவையானதைத் தேர்ந்துகொள்வர். பசுவுக்கு ஆகாததும் கோழிக்கு ஆகுமானதும் ஒரே சொல்லில் மறைந்து போகமாட்டா.

ஆகவே, பூச்சி புலாலாகுமா என்ற கேள்விக்கு விடை இதுதான். பூச்சி பிராணியே, மனிதர் இலையில் அது வீழுமாயின் அசைவமே. கோழிக்கோ அது இயற்கையான இரை. நம் மலைவீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கும், குழந்தைகளின் முட்டைக்கும் அந்தக் கோழியே ஆதாரம். நமது விரதத்தை நாம் காத்துக்கொள்வோம். கோழிக்குஞ்சின் மேல் அதைச் சுமத்த வேண்டாம். ஈசல் புறப்படும் பருவத்தில் கூடையைத் திறந்து விடுங்கள்.